காற்றை ஏசாதீர்கள்



கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் மூதூரில் அதனை ஏசாத வாய் குறைவு. கண்ணிலே புழுதி, தோட்டத்திலே வாடிய பயிர், கிணற்றிலே இறங்கிய நீர். ஆனால் காற்றை ஏசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதன் நன்மையைக் கேட்டு, தீங்கிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும்படி கற்பித்தார்கள். திர்மிதியில் பதிவான ஹதீஸ் இது. காற்று தானாக வருவதன்று, ஏவப்பட்டு வருவது.

அது எவ்வாறு ஏவப்படுகிறது? "புவியியல் படித்து என்ன காணப்போகிறாய்?" என்று பிள்ளையிடம் கேட்கும் பெற்றோரும் இதனைச் சற்றுச் செவிமடுக்க வேண்டும். சூரிய வெப்பத்தில் தரை விரைவாகச் சூடேறும். கடல் மெதுவாகவே சூடேறும். மே மாதமளவில் ஆசியப் பெருநிலம் கொதிக்கையில் அங்கே காற்றின் அமுக்கம் குறைகிறது. இந்து சமுத்திரத்தின் தென்புறக் காற்று புவிமத்திய கோட்டைக் கடந்து, பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, தென்மேற்கிலிருந்து நம் நாட்டை அடைகிறது. தன் நீரையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி நம்மிடம் வரும்போது அதற்குப் பெயர் கச்சான். இரத்தினபுரியில் மழையாக இறங்கிய அதே காற்றுத்தான் நமக்குப் புழுதி! மார்கழியில் நிலைமை தலைகீழாகிறது. ஆசியத் தரை குளிர, வடகீழ்க் காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிவந்து நம் பெரும்போக வயல்களை நனைக்கிறது. காற்றுகள் திருப்பிவிடப்படுவதை ஸூரதுல் பகராவின் 164ஆம் வசனம் இறை அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகிறது.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே மேல்நாட்டார் நாவில் 'மொன்சூன்' ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டின் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், எத்துறையிலிருந்து எந்நாட்களில் பாய் விரிக்கலாம் என்று எழுதிவைத்தார். தென்மேற்குக் காற்று உக்கிரம் கொள்ளும் ஜூன், ஜூலையில் மலபார்க் கரைத் துறைகள் மூடிக்கிடந்தன. தவக்குல் குறைந்தா அவர்கள் காத்திருந்தார்கள்? காற்று மாறும்வரை கரையில் தங்கியவர்கள் மணமுடித்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். நம் சமூகத்தின் ஒரு வேர் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

நமது கொட்டியாரக் குடாவும் காற்றின் வரலாறு உடையது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கரையோரம் எழுந்த புயலிலே 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்து, பழுதுபார்க்க இங்கு வந்தது. கப்பல் தலைவரும் மகன் றொபேட் நொக்ஸும் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் தப்பியது 1679இல். வாடைக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. ஆகவேதான் திருகோணமலைக்காக ஐரோப்பியர் மோதினர்; 1782ஆம் ஆண்டில் மட்டும் அத்துறைமுகம் இருமுறை கைமாறியது.

சென்ற வாடைக் காலத்தில் கடற்றொழில் செய்யும் ஓர் இளைஞர், "மௌலவி, மௌத்து எழுதியிருந்தால் கரையிலும் வரும்தானே? வானிலை அறிவித்தல் எதற்கு?" என்று கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபியவர்கள் பணித்ததை நினைவூட்டினேன். அவர் மௌனமானார். அருகில் நின்ற அவருடைய தந்தை சொன்னதே என் உள்ளத்தில் தைத்தது: "எங்கட வாப்பா காலத்தில மேகத்தப் பார்த்துத்தான் தோணி தள்ளினாங்க, மௌலவி. எஞ்சின் வந்த பொறகு நாங்க வானத்தப் பார்க்கிறத விட்டுட்டம்."

அன்றிரவு அவர்களுடைய தோணி கரையிலேயே நின்றது.