உலக சரித்திரமும் இணையமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



ரொட்டியில்லாத ஏழைகளைக் கேக் உண்ணச் சொன்னாள் பிரெஞ்சு ராணி மரீ அந்துவானெத் என்று சென்ற ஆண்டு இம்மேடையில் யான் பேசினேன். அன்று நம் சமூகத்துச் சிறுமியொருத்தி, "ஐயா, இதற்கு ஆதாரம் யாது?" என்று வினவினாள். இணையத்தில் கண்டேன் என்பதன்றி வேறு விடை கூற இயலாது நாணினேன்.

பின்னர் ஆராய்ந்தபோது உண்மை விளங்கிற்று. அவ்வசனம் ரூஸோவின் சுயசரிதத்தில் உள்ளது. சொன்னவள் ஓர் அரசகுமாரி என்பதன்றிப் பெயர் இல்லை. அப்பகுதியை அவர் எழுதியது 1760-களில். 1755-ல் வியன்னாவிற் பிறந்த அந்துவானெத் பிரான்ஸ் தேசம் புகுந்ததோ 1770-ல்!

ஆதலின், இணையத்தில் எதைக் கண்டாலும் எழுதியவர் யார், எக்காலத்தவர், மூலம் எங்குளது என்னும் மூன்றையும் வினவுமின். 2001-ல் தோன்றிய விக்கிபீடியாவை எவரும் திருத்தலாம். ஆயினும் அதன் அடிக்குறிப்புகள் மூலநூலுக்கு வழிகாட்டும். அமெரிக்காவின் போர்டம் சர்வகலாசாலை 1996 முதல் பழைய சரித்திர மூலங்களைத் தொகுத்தளிக்கின்றது. யேல் சட்டக் கல்லூரியின் அவலான் தொகுதியில் உடன்படிக்கைகளும் சாசனங்களும் உள. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நூலகத்தில் பழம் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகவே காணலாம். இவையாவும் இலவசம்.

பெற்றோர்களே! ஆதாரம் கேட்கும் குழந்தையை அதிகப்பிரசங்கி என்று அதட்டாதீர்கள். எனக்குச் சரித்திரம் கற்பித்தது அச்சிறுமியின் கேள்வியே.