பெயரைப் பறிகொடோம்!

(ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)



1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. தந்தை இந்நாட்டிற் பிறந்தார் என்பதற்குப் பத்திரம் எங்கே என்று கேட்டது. பத்திரமற்றவர் நாடற்றவரானார். 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று நம்மைக் கேளாமலே பங்கு போட்டது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியிருந்தோருக்கும் வழி திறந்தது. 55 ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமையின் சான்றன்றோ நம் மடியிலுள்ள அடையாள அட்டை!

அன்று சட்டம் பறித்ததை இன்று வஞ்சகர் பறிக்கின்றனர். கொழுந்து பறிக்கும் தாயொருவர் எம்மிடம் வந்தார். தாம் வாங்காத கடனுக்கு அவர் பெயரில் அறிவித்தல் வந்திருந்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவனிடம் அவர் அட்டையின் பிரதியைக் கொடுத்திருந்தார். தோட்டக் காரியாலயத்திற் கிடந்த அக்கடிதம் அவர் கைக்கு வந்தபோது தவணையும் கடந்திருந்தது. லயத்துக்குத் தனி முகவரி கேட்பது ஆடம்பரமா? அன்று, அது நம் உரிமை.

ஒரு பிரதியில் என்ன இருக்கிறது என்பீர்கள். அட்டை இலக்கத்தின் தொடக்கம் நாம் பிறந்த ஆண்டைச் சொல்லும். அடுத்த மூன்று இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தோம் என்பதைச் சொல்லும். பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெயரும் முகவரியும் உடனிருக்கின்றன. நாமென்று பிறனொருவன் நடிப்பதற்கு இவை போதாவா?

ஆகவே, அசல் அட்டையை எவரிடமும் ஈடாக வைக்காதீர்கள். பிரதி கொடுத்தே தீரவேண்டுமாயின், அதன் குறுக்கே இன்ன காரியத்துக்கு மட்டும் என்றெழுதி, திகதியிட்டு ஒப்பமிடுங்கள். வெற்றுத்தாளிற் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இடாதீர்கள். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை, வங்கி அதிகாரி என்று சொல்பவனுக்கும் சொல்லாதீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும் சேமலாப நிதிப் பதிவில் வேறொரு பெயருமாக இருப்பின் இன்றே திருத்துங்கள்; அந்தப் பிழை உங்களுக்குத் தடை, கள்வனுக்கோ கதவு. அட்டை தொலைந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்பதைக் கொடுகடன் தகவல் பணியகத்திடம் அறிக்கை பெற்று அறியலாம்.

ஆள்மாறாட்டஞ் செய்து ஏமாற்றுதல் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமே. ஆனால் சட்டம் லயத்துக்கு நடந்து வராது; நாமே முறைப்பாட்டோடு அதனிடஞ் செல்லவேண்டும். தனியே செல்ல அஞ்சினால் தொழிற்சங்கத்தோடு செல்லுங்கள்.

படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமரர் நீட்டும் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அதில் எழுதியிருப்பது யாதென்று அவருக்கு வாசித்துச் சொல்வோம். நம் பாட்டனார் பெயரின்றி மாண்டார். நம் பெயரைப் பிறர் விற்க விடோம்!