முசோலினியின் பேத்தியும் கலைந்துபோன குழுவும்



தேசியவெறியர்கள் நாடு கடந்து ஒன்றுசேர முடியாது, தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள் என்று நம்மில் பலர் ஆறுதல்பட்டுக்கொள்கிறோம். அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது 2007.

அந்த ஜனவரியில் ருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தன. அந்நாடுகளின் இனவெறிக் கட்சிகள் கைகொடுக்க, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் தீவிர வலதுசாரிகள் தனிக் குழு அமைத்தார்கள். குழுவென்றால் நிதி, அலுவலர்கள், பேசக் கூடுதல் நேரம் எல்லாம் கிடைக்கும். அன்று அதற்குக் குறைந்தது 20 உறுப்பினர்கள் தேவைப்பட்டார்கள்.

பத்தே மாதம்தான். இத்தாலியின் தலைநகரில் ஒரு பெண் கொல்லப்பட்டார். பிடிபட்டவர் ருமேனியாவிலிருந்து வந்த ரோமா இனத்தவர். குழு உறுப்பினரான அலெசாண்ட்ரா முசோலினி (ஆம், அந்த முசோலினியின் பேத்திதான்), சட்டத்தை மீறுவதே ருமேனியர்களின் வாழ்க்கைமுறை என்ற பொருளில் பேசினார். மகா ருமேனியா கட்சியின் 5 பேரும் வெளியேறினார்கள். மிஞ்சியது 18 பேர். குழு கலைந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மகா ருமேனியா கட்சியே ரோமா மக்கள்மீது வெறுப்பை வளர்த்த கட்சிதான். அந்த வெறுப்பு அவர்களைச் சுடவில்லை. தங்களையும் அதே வரிசையில் நிறுத்தியதுதான் சுட்டது. அண்ணல் அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மையை அன்றாடம் பார்க்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்ள எந்த ஐரோப்பிய ஆய்வேடும் தேவையில்லை.

ஆனால் 2007-ஐ வைத்து இன்றும் ஆறுதல் தேடுவது ஆபத்து. பக்கத்து நாட்டுக்காரனை இழித்தால் கூட்டணி உடையும். புலம்பெயர்ந்து வருபவரையும் இசுலாமியரையும் இழித்தால் கூட்டணி இறுகும். இதை அவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 2024 தேர்தலுக்குப் பிறகு 720 இடங்களில் 84, 78, 25 என மூன்று குழுக்களாக உட்கார்ந்தார்கள். ரஷ்யா பற்றி ஆளுக்கொரு கருத்து. இருக்கட்டும். வாக்கெடுப்பில் சேர்ந்தால் போதாதா?

சேர்ந்தார்கள். 2025 நவம்பர் 13 அன்று, மிதவாதிகள் எனப்படும் ஐரோப்பிய மக்கள் கட்சி இவர்களின் வாக்குகளோடு ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. தம் பொருட்கள் தயாராகும் இடங்களில் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று பெருநிறுவனங்கள் கண்காணிக்க வேண்டும் என்ற சட்டத்தைத் தளர்த்தும் தீர்மானம் அது. 1000 பணியாளருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு என்றிருந்த வரம்பை 5000 ஆக்கச் சொன்னது.

திருப்பூர்ப் பின்னலாடை ஐரோப்பாவுக்குத்தான் பெருமளவில் போகிறது. அதற்கு நூல் தரும் மில்களின் விடுதிகளில் பூட்டிவைக்கப்பட்ட தலித் பெண்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. முறையிட அவர்களுக்குத் திறந்த கதவுகளே குறைவு. அவற்றில் ஒன்றைச் சாத்தியவர்களின் வாக்குப் பட்டியல், எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது.