கடைக்கு வரும் வினாவும் கடைக்காரர் விடையும்



கடைக்கு வருவோர் கேட்கும் வினாவும் அதற்குக் கடைக்காரர் தரும் விடையும் தமிழிலக்கணத்துள் இடம்பெற்ற செய்திகள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், ஒரு பொருள் தன்னிடம் இல்லையென்று சொல்ல வேண்டிய இடத்தில், அதுவல்லாத வேறொரு பொருளைச் சொல்லி இல்லையென்க என்று ஒரு நெறி வகுக்கப்பட்டுள்ளது. அவ்வேறு பொருள் கேட்ட பொருளுக்கு இனமானதாதல் வேண்டும் என்பர் உரையாசிரியர். அவர் அதற்குக் கூறும் காட்டு, பயறு கேட்டு வந்தவனும் பயறில்லாத வணிகனும். வெறுமனே இல்லையென்று முகத்திலடித்தாற்போற் சொல்லாமல், உழுந்து அல்லது வேறில்லை என்பதே வழுவாத விடை. கேட்டவனுக்குப் பயறில்லையென்பதும் விளங்கிற்று. உழுந்து உண்டென்பதும் விளங்கிற்று. இலக்கணம் ஏட்டுச் சுரைக்காய் என்று நகையாடுவோர், ஈதொன்றையேனும் கடைத்தெருவில் நின்று எண்ணிப் பார்க்கட்டும்.

அக்கடைத்தெரு இற்றை நாளில் கைப்பேசிக்குள்ளும் விரிந்து கிடக்கின்றது. ஊருக்குப் புதியவன் தெருவிற் போவாரைக் கேட்பதில்லை. கூகுள் வரைபடத்தைக் கேட்கின்றான். அதில் கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம், தொலைபேசி எண், நிழற்படம், பிறர் எழுதிய மதிப்புரை ஆகிய அனைத்தும் ஒரு பலகைபோல் நிற்கின்றன. கடைக்காரர் தொடங்கினாலன்றி அப்பலகை தோன்றாது என்று எண்ணுவது தவறு. எவரேனும் ஓர் இடத்தைச் சேர்க்கலாம். அதன் செய்தியைத் திருத்துமாறு எவரும் பரிந்துரைக்கலாம். கடைக்காரர் அது தம் பலகையென்று மெய்ப்பித்து உரிமை கொள்ளாதவரை, அது ஊரார் வீட்டுத் திண்ணையே.

அத்திண்ணையில் 2017ஆம் ஆண்டு ஒரு புதுமை நிகழ்ந்தது. கடையைப் பற்றி எவரும் அங்கேயே வினா எழுதலாம். எவரும் விடை எழுதலாம் என்று கூகுள் ஒரு பகுதி அமைத்தது. நோக்கம் நன்றே. ஆனால் நிகழ்ந்தது வேறு. வினா வந்ததைக் கடைக்காரர் பலர் அறியவேயில்லை. அவர்க்கு முன்னே வழிப்போக்கர் விடையெழுதினர். மிகுதியானோர் விரும்பிய விடை மேலே நின்றது. கடைக்காரர் பின்னர் எழுதிய உண்மை கீழே கிடந்தது. தெரியாது என்பதை எழுதுவதற்கென்றே வந்து எழுதிப்போனவர்களும் இருந்தனர்! தெரியாதவன் வாய்மூடி இருத்தல் கைப்பேசிக்குள் அரிய பண்பு போலும்.

அவ்வினாவிடைப் பகுதியும் நிலைக்கவில்லை. கடைக்காரரோடு நேரே எழுத்துரையாடும் வழியை 2024 சூலை 31 அன்று கூகுள் மூடியது. வினாவிடைப் பகுதியையும் 2025ஆம் ஆண்டின் இறுதியில் விலக்கத் தொடங்கி, அவ்விடத்தில் செய்யறிவுப் பொறியை நிறுத்துகின்றது. இனி, கேட்பவன் மாந்தனாகவும் விடையிறுப்பது பொறியாகவும் இருக்கும். அப்பொறி எங்கிருந்து விடையை எடுக்கின்றது? கடைக்காரர் எழுதிய கடை விளக்கத்திலிருந்தும், நுகர்வோர் மதிப்புரைகளிலிருந்தும், கடைக்கு இணையத்தளம் இருப்பின் அதிலிருந்தும் எடுக்கின்றது. கடைக்காரர் ஒன்றும் எழுதாவிடின், மதிப்புரைகளில் எவரோ எழுதியதே கடையின் விடையாகிவிடும். முன்னே வழிப்போக்கன் விடை சொன்னான். இப்பொழுது வழிப்போக்கன் சொன்னதைப் பொறி திரும்பச் சொல்கின்றது. வழிப்போக்கனுக்காவது பெயர் இருந்தது.

ஆகவே கடைக்காரர் செய்ய வேண்டுவது, வினா எழுமுன்னே விடையை எழுதி வைத்தல். என்ன வினா எழும் என்று அறிவது எங்ஙனம்? அது கடினமன்று. கல்லாப்பெட்டி அருகே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். தொலைபேசியிலும் புலனத்திலும் நேரிலும் கேட்கப்படும் வினாக்களை ஒரு திங்கள் குறித்து வருக. அம்முப்பது நாளில் அதே பத்துப் பன்னிரண்டு வினாக்களே திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

காங்கேயத்தில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருப்பதாகக் கொள்க. ஞாயிறன்று கடை உண்டா? நல்லெண்ணெயில் கருப்பட்டி சேர்க்கின்றீர்களா? எங்கள் கடலையைக் கொண்டுவந்தால் ஆட்டித் தருவீர்களா? செக்கு வாகை மரமா? தேங்காயெண்ணெய்க்குக் கந்தகப் புகையிட்ட கொப்பரையா? விலை ஏன் இவ்வளவு? அக்குறிப்பேட்டில் நிற்பவை இவையே.

வினா ஆறு வகை என்று நன்னூல் பகுக்கும். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. செக்கு வாகை மரமா என்று கேட்பவன் பெரும்பாலும் விடையறிந்தவன்; கடைக்காரருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்கின்றான். அவனுக்குச் சினந்து விடையிறுப்பவர் தோற்றார். ஞாயிறன்று கடை உண்டா என்பது அறியா வினா. அதற்கு ஒரே சொல்லில் விடை போதும். விடை எட்டு வகை. அவற்றுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே சொல்வன. ஏவல், எதிர்வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் சுற்றிவந்து பொருள் தருவன. கடையில் முகம் பார்த்துப் பேசுங்கால் எட்டும் பொருந்தும். "ஞாயிறன்று மட்டும் எங்களுக்கு வயிறில்லையா?" என்று கடைக்காரர் நகைத்துச் சொன்னால், கேட்டவரும் நகைத்துக்கொண்டே ஞாயிறன்று வருவார். அதனையே எழுதி வைத்தால் நகைப்பு மறைந்து, அடி மட்டும் நிற்கும். எழுத்துக்கு முகமில்லை. ஆதலால் எழுத்து விடையில் எதிர்வினா அறவே ஆகாது. ஞாயிறு காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை திறந்திருக்கும் என்பதோடு நிறுத்துக. பொங்கல் நாளில் மூடுவதாயின், அந்நாளுக்குத் தனி நேரம் குறிக்கவும் அப்பலகையில் இடமுண்டு. மூடிய கடைமுன் எண்ணெய்த் தூக்கோடு நின்றவர் எழுதும் மதிப்புரையை எந்த விடையாலும் அழிக்க இயலாது.

இனமொழி விடை மட்டும் விதிவிலக்கு. கடலெண்ணெய் இல்லையென்று எழுதுவதினும், கடலெண்ணெய் தையில் புதுக்கடலை வந்தபின் ஆட்டப்படும், இப்பொழுது நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் உண்டு என்றெழுதுவது தொல்காப்பியர் காட்டிய வழி.

விலை பற்றிய வினாவுக்குப் பலர் மழுப்புகின்றனர். மழுப்ப வேண்டியதில்லை. ஓர் இலிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 2.5 கிலோ எள் வேண்டும். எள்ளின் விலையைக் கேட்பவரே அறிவார், பெருக்கிப் பார்த்துக்கொள்வார். கருப்பட்டி எதற்கென்பார்க்கு, ஆட்டுங்கால் எண்ணெய் பிரியச் சேர்ப்பது என்க.

எம்மொழியில் எழுதுவது? தமிழ்நாட்டுக் கடையின் பெயர்ப்பலகையில் தமிழே முதற்கண் நிற்றல் வேண்டும் என்பது அரசின் நெறி. கைப்பேசியில் நிற்கும் பலகைக்கு அதனை ஒருவரும் வந்து அளந்து பார்ப்பதில்லை. ஆதலால் தமிழ்க் கடைகளின் விளக்கங்கள் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. இதில் மொழிப்பற்று மட்டுமன்று, கணக்கும் இருக்கின்றது. மரச்செக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் குளிர்முறைப் பிழிவு எனப் பொருள்படும் சொல்லை எழுதுகின்றனர். இரும்புப் பொறியில் பிழிந்ததும் அச்சொல்லுக்குள் அடங்கும். பொறி அதனைத் தமிழாக்கிச் சொல்லுங்கால் செக்கும் போயிற்று, மரமும் போயிற்று, கடைக்காரர் பட்ட பாடும் போயிற்று. அச்செக்கின் பெயரைச் சொல்லத் தமிழைவிடத் தக்க மொழி உண்டோ? முதலில் தமிழில் எழுதுக. வெளியூரார் பொருட்டுக் கீழே ஆங்கிலமும் இருக்கட்டும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கேட்பார்க்கும் தமிழெழுத்திலேயே விடை தருக. அவர் படிக்கத் தெரியாதவரல்லர், தட்டச்சிடச் சோம்பியவர்.

இவ்விடத்து ஒரு குறையையும் சொல்லுதல் வேண்டும். கடை விளக்கத்திற்குக் கூகுள் 750 எழுத்து எல்லை வைத்துள்ளது. ஒருங்குறியிலோ, க் என்னும் ஒரு மெய் இரண்டு குறியாக நிற்கும்; கி, கு போன்ற உயிர்மெய்யும் அவ்வாறே. ஆகவே தமிழில் எழுதுவார்க்கு அவ்வெல்லை விரைவில் முட்டும். தலைமுறைப் பெருமையும் தரத்திற்குத் தாயகமும் விட்டுவிட்டு, குறிப்பேட்டிலுள்ள விடைகளையே எழுதுக. எஞ்சியவற்றைக் கடையின் இணையத்தளத்தில் வைக்கலாம்.

இனி, விடை சொல்ல அஞ்சும் வினாக்கள். நீரிழிவை இவ்வெண்ணெய் தீர்க்குமா என்பது ஒன்று. ஆமென்று விளம்பரப்படுத்துவது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது. மதிப்புரையில் எவரேனும் தமக்குத் தீர்ந்ததென்று எழுதினாலும், நன்றி என்று மட்டும் எழுதி நகர்வது ஒப்புக்கொண்டதாகும். இஃது உணவு, மருந்தன்று, மருத்துவரைக் கேட்க என்று அதன்கீழே எழுதுதல் வேண்டும். கந்தகம் பற்றிய வினா மற்றொன்று. கொப்பரை பூசணம் பிடியாமலும் வெண்மையாக இருக்கவும் கந்தகப் புகையிடும் வழக்கம் உண்டு. வெயிலில் மட்டும் உலர்த்தியதை வாங்குபவர் அதனைச் சொல்லலாம். களத்திலிருந்து வாங்குபவர்க்கு உறுதியாகத் தெரியாதாயின், தெரியாததை உண்டென்றோ இல்லையென்றோ எழுதலாகாது. யாரிடம் வாங்குவது என்பதைச் சொல்லலாம்.

எல்லாவற்றினும் பெரிய வினா ஒரு தாயிடமிருந்து வரும். "எம் பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாது. உங்கள் நல்லெண்ணெய் கொடுக்கலாமா?" நன்கு தூய்மிப்புச் செய்த கடலெண்ணெயில் ஒவ்வாமை தரும் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கும். ஒரே செக்கில் காலையில் கடலையும் மாலையில் எள்ளும் ஆட்டுவது சிறு கடைகளின் நடைமுறை. எத்துணைத் துடைத்தாலும் உரலின் மர இடுக்கில் கடலைப் பிண்ணாக்கின் எச்சம் நிற்கும். தூய்மையென்று கடைக்காரர் பெருமை கொள்ளும் அப்பண்பே அப்பிள்ளைக்குக் கேடாகலாம். சிலர்க்கு எள்ளும் ஒவ்வாது. இவ்வினாவுக்கு முன்னே வழிப்போக்கன் ஒருவன், ஒன்றும் ஆகாது, எம் பிள்ளைகள் தின்னவில்லையா என்று எழுதியிருக்கக்கூடும். இன்று, ஒன்றும் ஆகவில்லை என்றொரு மதிப்புரையிலிருந்து பொறி அதே விடையைத் திரட்டக்கூடும். மறுப்பதற்குக் கடைக்காரர் ஒருவரே இருக்கின்றார்.

இவ்விடை விற்பனையைக் குறைக்குமே என்பார் உண்டு. குறைக்கும். ஒரு வீட்டில் ஒருவர்க்கு ஒவ்வாதாயின் அவ்வீடே எண்ணெயை மாற்றிக்கொள்ளும். ஆயினும் அதனை விளக்கத்தின் முதல் வரியிலேயே வைத்தல் வேண்டும். இணையத்தளத்தின் அடியில் நுண்ணெழுத்தில் அன்று. அவ்வரி இவ்வாறு இருக்கலாம்: "எள், நிலக்கடலை, தேங்காய் மூன்றையும் ஒரே செக்கில் ஆட்டுகின்றோம். கடலையோ எள்ளோ ஒவ்வாதவர்க்கு எங்கள் எண்ணெய் எதுவும் ஏற்றதன்று. ஐயமிருப்பின் காலை 9 மணிக்கு மேல் கடைக்குப் பேசுக. செக்கில் அன்று எது ஆட்டப்பட்டது என்பதை ஆட்டியவரே சொல்வார்."