நாகையில் மூடிய கல்விக்கூடம்



செஞ்சிக் கோட்டையைப் பார்த்தபடி வாழும் நமக்கு, ஆளில்லாத கட்டடங்கள் புதிதல்ல. மதில் நிற்கிறது, களஞ்சியம் நிற்கிறது, குடியிருந்தவர்கள்தான் இல்லை. 2025-இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது நமக்குப் பெருமையே. ஆனால் இன்று நாம் சிந்திக்க இருப்பது, கட்டடத்தை விட்டும் உயிரை விடாத ஒரு கல்விக்கூடத்தைப் பற்றி.

1844-இல் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள், நாகப்பட்டினத்தில் புனித வளனார் பெயரால் ஆண் பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் தொடங்கினார்கள். அவர்களுடைய சபையே 1773-இல் கலைக்கப்பட்டு, 1814-இல் மறுபடி உயிர்பெற்றது. இழப்பு என்றால் என்னவென்று அறிந்தவர்கள் இட்ட அடித்தளம் அது. 1866-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. நாகையில் 39 ஆண்டுகள் திறந்திருந்த கதவு மூடியது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. திருச்சி எங்கே, நாகை எங்கே? வசதியுள்ளவன் ரயிலேறிப் போய் விடுதியில் தங்கிப் படிப்பான். வலை இழுக்கும் வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? ஒரு பள்ளி நகரும்போது, கூடவே நகர முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

ஆயினும் ஆண்டவர் அந்த விதையை வீணாக்கவில்லை. திருச்சியில் அது புனித வளனார் கல்லூரியாக வளர்ந்தது. ராமேஸ்வரத்துக் கடற்கரையிலிருந்து வந்த ஓர் இஸ்லாமிய இளைஞர் அங்கே இயற்பியல் படித்து, 1954-இல் பட்டம் பெற்றார். அவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி யோவான் நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது இதைத்தான்: மடிவது மணி, பிழைப்பது பலன்.

அன்பார்ந்தவர்களே, பழைய பள்ளிகளை நினைத்துப் பெருமூச்சு விடுவது எளிது. நம் அன்பியத்தில் பத்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளை யார் என்று கேட்பது கடினம். கட்டணம் கட்ட முடியாமலா, பேருந்து வசதி இல்லாமலா, வீட்டில் வேலைக்கு ஆள் இல்லாமலா? இந்த வாரம் அந்த வீட்டு வாசலுக்கு நாம் போவோம். ஒரு பிள்ளையை மறுபடி வகுப்பில் உட்கார வைத்தால், மூடிய ஒரு கதவை நாமே திறந்தவர்கள் ஆவோம்.

அதற்கான அன்பையும் துணிவையும் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.