நாணயமும் கடன் வரலாறும்



தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் இவ்விரண்டையும் மக்கள் பிரித்துப் பார்த்ததில்லை. கைமாற்றாக வாங்கிய பணம் வாய்ச்சொல்லை நம்பியே கைமாறும். ஆனால் அந்த நாணயம் ஊரெல்லையோடு நின்றுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் கைமாற்றைத் தவறாது திருப்பித் தந்த குடும்பத்துப் பிள்ளை, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து கடன் அட்டை கேட்டால், 'கடன் வரலாறு இல்லை' என்று வங்கி மறுத்துவிடக்கூடும். கடன் வாங்காமை குற்றமன்று. எனினும், ஏட்டில் பதியாத நேர்மையை வங்கி அறிய வழியில்லை.

அவ்வரலாற்றைப் பதிந்து வைக்க 2000-ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தோன்றியது. 2005-இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. இன்று எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவற்றையும் சேர்த்து நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. வங்கியில் பெறும் கல்விக் கடனும் நகைக் கடனும்கூட இவற்றில் பதிவாகின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். உறவினருக்காகப் பிணைக் கையெழுத்து இடுவோர் ஒன்றை எண்ண வேண்டும்: அவர் தவணை தவறினால், கையெழுத்திட்டவரின் வரலாறும் கெடும்.

வரலாறே இல்லாதவர் எங்ஙனம் தொடங்குவது? சிறு தொகையை நிரந்தர வைப்பாக இட்டு, அதன் ஈட்டின்மேல் வங்கியில் அட்டை பெறலாம். மளிகை, மின்கட்டணம் போன்ற வழக்கமான செலவுகளுக்கு மட்டும் அதனைப் பயன்படுத்தி, உரிய நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவர வேண்டும். ஏறத்தாழ ஓராண்டு இவ்வாறு ஒழுகியபின், ஈடில்லா அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே சமயத்தில் பல வங்கிகளுக்கு விண்ணப்பித்தல் ஆகாது. ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தருகின்றன. அதில் பிழை இருப்பின் முறையிடலாம். 30 நாளில் தீராவிடின், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற விதி உண்டு.

'குறைந்தபட்சத் தொகை' என்னும் சொல்லில்தான் இடர் இருக்கிறது. 10,000 ரூபாய் பாக்கிக்கு மாத வட்டி 3.5 விழுக்காடு எனக் கொள்வோம். வட்டி 350 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு வரி 63 ரூபாய். 500 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது 87 ரூபாயே! பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள்முதல் வட்டி ஏறும்.

வங்கி தரும் வரம்பு வேறு. தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளும் வரம்பு வேறு. மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேலைக்குச் செல்லும் பிள்ளைக்குப் பெற்றோர் முதல் வைப்புத்தொகையை எடுத்துக்கொடுப்பதோடு, முதல் ஓராண்டு மாதக் கணக்கையும் உடனிருந்து பார்த்து உதவுவார்களாக.