பள்ளிகள் ஒன்றானபோது பதவி இழந்த ஆசான்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் பதவி இழந்த வரலாற்றைப் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதுவும் அமெரிக்க நாட்டில் நடந்த வரலாறு. ஆனால், ஒடுக்கப்பட்ட மக்கள் கல்வி உரிமை பெறும்போது எதை இழக்க நேரிடும் என்பதை அது நமக்குக் காட்டுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் நமக்கு அயலார் அல்லர். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946-ஆம் ஆண்டு கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டவர். 1972-இல் பம்பாயில் எழுந்த தலித் பாந்தர் இயக்கம், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. ஆகவே அவர்களுடைய வெற்றியைப் போலவே அவர்களுடைய இழப்பையும் நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பள்ளிகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை தென் மாநிலங்களில் இரு இனத்தாருக்கும் தனித்தனிப் பள்ளிகள். கறுப்பர் பள்ளிகளுக்குக் குறைந்த பணம், பழுதுற்ற கட்டடம், வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கழித்த பழைய புத்தகங்கள். அந்த அநீதி ஒழிய வேண்டியதே. அதில் நமக்கு ஐயமில்லை. எனினும், அந்த ஏழைப் பள்ளிகளில் ஒரு செல்வம் இருந்தது. தலைமையாசிரியர் தம் மக்களில் ஒருவர். ஆசிரியர் தம் மக்களில் ஒருவர். விளையாட்டுப் பயிற்சியாளரும் தம் மக்களில் ஒருவர்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நம் ஊரில் ஆடும் கால்பந்தன்று. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், அணிக்குப் பதினொருவராக மோதி ஆடும் ஆட்டம் அது. சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளி அணியின் ஆட்டம் ஊர்த் திருவிழாவைப் போன்றது. டெக்சாஸ் மாநிலத்தின் பல ஊர்களில் வெள்ளிக்கிழமை இரவு மைதானம் வெள்ளையர் பள்ளிக்கு உரியது. கறுப்பர் பள்ளிகள் புதன், வியாழன் இரவுகளில் ஆடின. அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர், ஊரார் அனைவரும் பெயர் சொல்லி வணங்கும் மனிதர். பிள்ளைகளை ஒழுங்குபடுத்துபவரும், கல்லூரிக்கு அனுப்ப வழி தேடுபவரும் அவரே.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் ஹெர்மன் பூன். வட கரோலினா மாநிலத்தின் ராக்கி மவுண்ட் நகரில் 1935-இல் பிறந்தவர். 1961 முதல் அதே மாநிலத்தின் வில்லியம்ஸ்டன் என்னும் சிற்றூரில் இ. ஜே. ஹேஸ் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தார். கறுப்பின மாணவர் பயின்ற பள்ளி அது. அங்கு அவர் பணியாற்றிய ஆண்டுகளில் அவருடைய அணி 99 ஆட்டங்களில் வென்றது. தோற்றவை 8 மட்டுமே. இத்தகைய திறமைக்குக் கிடைத்த பரிசு என்ன? பள்ளிகளை ஒன்றாக்கும் வேளை வந்தபோது, கறுப்பர் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக ஏற்க ஊர் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று 1969-இல் அவரிடம் தெரிவிக்கப்பட்டது. துணைப் பயிற்சியாளராக இருக்கலாம் என்றனர். அவர் அதை ஏற்காமல் ஊரைவிட்டே போனார்.

நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பணிநீக்கம் என்ற சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. இரண்டு பள்ளி ஒன்றானது. இரண்டு பயிற்சியாளருக்கு ஒரே நாற்காலி இருந்தது. அந்த நாற்காலி யாருக்கு என்பது முன்பே முடிவாகியிருந்தது. வெள்ளைச் சிறுவரோடு கறுப்புச் சிறுவர் ஒரே அணியில் ஓடலாம், ஊருக்கு வெற்றி தேடித் தரலாம். ஆனால், வெள்ளைச் சிறுவருக்குக் கறுப்பர் ஒருவர் கட்டளையிடக் கூடாது! ஓடுவதற்கு இடம் கொடுத்தவர்கள், ஓட்டுவிப்பதற்கு இடம் கொடுக்கவில்லை.

இது ஒரு மனிதருக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. 1954-க்குப் பிந்திய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தெற்கிலும் எல்லையிலும் உள்ள 17 மாநிலங்களில் கறுப்பின ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளுமாகச் சுமார் 38,000 பேர் பதவி இழந்தனர் என்பது பரவலாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. மிசௌரி மாநிலத்தின் மோபர்லி நகரில் 1955-இல் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது கறுப்பின ஆசிரியர் 11 பேரும் வேலையிழந்தனர். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தகுதியை ஒப்பிட்டே முடிவு செய்தோம் என்ற நிர்வாகத்தின் வாதத்தை ஏற்று, 1959-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுடைய வழக்கைத் தள்ளியது. தகுதி என்னும் சொல் எப்படியெல்லாம் ஆயுதமாகும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பல தலைமையாசிரியர்கள் துணைத் தலைமையாசிரியர்களாக இறக்கப்பட்டனர். பல தலைமைப் பயிற்சியாளர்கள் துணைவர்களாகவோ உடற்பயிற்சி ஆசிரியர்களாகவோ ஆக்கப்பட்டனர். பள்ளியின் பெயர் போயிற்று. கொடியின் நிறம் போயிற்று. வென்று வைத்த கோப்பைகள் பல ஊர்களில் குப்பைக்குப் போயின. 1969 டிசம்பரில்தான் தெற்கிலிருந்த கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பள்ளிகளை இணைக்கும்போது ஆசிரியரைக் குறைக்க நேர்ந்தால், இனம் பாராத, நியாயமான அளவுகோலை முன்கூட்டியே வகுத்து வைத்தல் வேண்டும் என்று விதித்தது. பொறுப்பைக் குறைப்பதும் பதவி இறக்கமே என்று அது தெளிவாக்கியது. நல்ல விதிதான். ஆனால் அதற்குள் எண்ணற்றோர் வீடு போய்ச் சேர்ந்திருந்தனர்.

எல்லா ஊரிலும் மக்கள் வாளாவிருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அதே வட கரோலினாவின் ஹைட் மாவட்டத்தில், கறுப்பின மக்களின் இரு பள்ளிகளை மூடுவதென்று கல்வி வாரியம் திட்டமிட்டது. 1968-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அம்மக்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். ஒரு கல்வியாண்டு முழுவதும் போராட்டம் நீடித்தது. தலைநகர் ராலேவுக்கு நடந்தே சென்றனர். அவர்கள் ஒருங்கிணைப்பை எதிர்த்தவர்கள் அல்லர். தம் பள்ளியையும் தம் ஆசிரியரையும் பலிகொடுத்துத்தான் ஒருங்கிணைப்பு வர வேண்டுமா என்று கேட்டவர்கள். இறுதியில் அவ்விரு பள்ளிகளும் காக்கப்பட்டன.

இனி, ஹெர்மன் பூனின் பிற்காலத்தைக் காண்போம். வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியா நகரில் டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1971-இல் அந்நகரின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் அங்கே ஒன்றாக்கப்பட்டன. இம்முறை தலைமைப் பொறுப்பு பூனுக்குக் கிடைத்தது. நீண்ட காலம் பணியாற்றி மாணவரின் அன்பைப் பெற்றிருந்த வெள்ளையரான பில் யோஸ்ட் அந்தப் பொறுப்பை எதிர்பார்த்திருந்தார். அவருக்கு அது வலியே. அதை நாம் மறுக்கக் கூடாது. ஆனால் அவர் விலகிப் போகாமல் துணைப் பயிற்சியாளராக நின்றார். அந்த ஆண்டு அணி 13 ஆட்டங்களிலும் வென்று, இறுதி ஆட்டத்தில் 27-0 என்ற கணக்கில் மாநில வாகை சூடியது. 2000-ஆம் ஆண்டு இவ்வரலாற்றைத் தழுவி வந்த திரைப்படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம்.

திரைப்படம் வெற்றியோடு முடிகிறது. வாழ்க்கை அங்கே முடியவில்லை. 1979-இல் பூன் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். வீரர்களிடம் வரம்பு மீறிக் கடுமை காட்டினார் என்ற புகார்கள் எழுந்திருந்தன. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது நம் கடமை. நம்மவர் என்பதற்காகப் பிள்ளைகளின் முறையீட்டைப் புறந்தள்ளலாகாது. 1969-இல் நடந்ததும் 1979-இல் நடந்ததும் ஒன்றல்ல. முன்னதில் பிறப்பே குற்றமாயிற்று. பின்னதில் நடத்தை கேள்விக்குள்ளாயிற்று. நடத்தையை விசாரிக்கலாம், பிறப்பை விசாரிக்க எவருக்கும் உரிமையில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியும் நேர்மை நம்மிடம் இருந்தால்தான், நம் ஆசிரியருக்கு அநீதி நேரும்போது நம் குரல் எடுபடும்.

தோழர்களே, இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. பள்ளிக்குள் நுழையும் உரிமை வேறு. பள்ளியை நடத்தும் உரிமை வேறு. முதலாவதை மட்டும் பெற்றவர்கள் விருந்தினராகவே இருக்க நேரும். அண்ணல் அம்பேத்கர் இதை நன்குணர்ந்தவர். அவர் தலைமையேற்ற வரைவுக் குழு உருவாக்கிய அரசியலமைப்புச் சட்டத்தின் 16(4)-ஆம் பிரிவு, பணியிடங்களிலும் இடஒதுக்கீடு செய்ய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அரசு ஊழியரை விசாரணையின்றி, அவருடைய விளக்கத்தைக் கேளாமல் பதவி நீக்கவோ இறக்கவோ கூடாது என்பதே 311-ஆம் பிரிவின் பொது விதி. இவை வெறும் எழுத்துகளல்ல. வில்லியம்ஸ்டனில் ஒரு மனிதருக்குக் கிடைக்காத பாதுகாப்புகள்.

இது நமக்குத் தொலைவான செய்தியுமன்று. 2023 மார்ச் மாதத்தில் தமிழக நிதிநிலை அறிக்கை, ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகள் உள்ளிட்ட பல துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. தனித்து நிற்பதால் வரும் இழிவு ஒழியும் என்று ஆதரித்தோர் உண்டு; நம் பள்ளிகளின் நிலமும் பணியிடமும் கைநழுவும் என்று அஞ்சியோரும் உண்டு. இருசாராரின் கவலையும் மெய்யானதே. எந்தக் காலத்திலும், எந்த அரசாயினும், பள்ளிகளை இணைக்கும் பேச்சு எழுந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இணைந்த பள்ளியின் தலைமை நாற்காலியில் அமர நம் ஆசிரியருக்குச் சமவாய்ப்பு உண்டா? யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் அளவுகோல் முன்கூட்டியே எழுத்தில் வெளியிடப்படுமா? பதவி இழப்போரின் முறையீட்டைக் கேட்க ஏற்பாடு உண்டா?

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் பகுதிப் பிள்ளைகளை வளர்த்த ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவரின் பெயரும் பணிக்காலமும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். குப்பைக்குப் போன கோப்பைகளின் கதி நம் ஆசான்களின் நினைவுக்கு நேரக்கூடாது.

இளைஞர்களே! மதிப்பெண் பெறுங்கள், வேலை பெறுங்கள். அவற்றோடு நின்றுவிடாதீர்கள். வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு வந்தது உங்கள் பெற்றோர் செய்த போராட்டம். முதல் வரிசையிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து முடிவெடுக்கும் அறைக்கும் செல்வது உங்கள் போராட்டம். அந்த அறைக்குள் போன பின்னர், வெளியே நிற்கும் முதிய ஆசான் ஒருவருக்கு நாற்காலி போடுங்கள்.

 வாழ்க அண்ணலின் புகழ்!